போர்ட் வரும் நாளில் துவைத்த துணிகள்

இரத்தம் குடிக்கும் அட்டை கடிக்காமல் இருக்க அட்டைக் காலுறை என்று ஒன்று உண்டு. தடித்த வெள்ளைத் துணியில் முழங்கால் வரை தைத்து, மேலே நாடா போட்டு இறுக்கிக் கட்டுவது. மழைக்காலத்தில் ரப்பர் மலைக்குள் இறங்குகிறவர்கள், அதாவது சம்பளத்துக்காக அல்லாமல் பார்ப்பதற்காக இறங்குகிறவர்கள், அதைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொள்வார்கள். கொழும்பில், பன்னிரண்டாம் மாடியில் இருந்த எங்கள் கம்பனியின் கூட்ட அறைக்குள் அப்படி ஒரு சோடியைக் கொண்டுவந்த ஒரே பணிப்பாளர் அந்த அம்மையார்தான். முதல் கூட்டத்துக்கு வந்த அன்று, கைப்பைக்குள் மூக்குக் கண்ணாடியைத் தேடியபோது அவற்றை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்து நாற்காலிக்காரர் அதை கிறிஸ்மஸ் தாத்தா நத்தார்ப் பரிசு போடுகிற உறை என்று நினைத்துச் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "தோட்டத்துக்கு எப்போது போகிறோம்?" என்று கேட்டார். பணிப்பாளர்கள் வழக்கமாக என்னிடம் கேட்பது சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

நான் அந்தக் கம்பனியின் செயலாளராக இருந்தேன். கூட்டத்துக்கு அறிவித்தல் அனுப்புவது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, பேசியதை எழுதுவது, பேசியிருக்கக் கூடாததை எழுதாமல் விடுவது ஆகியவை என் வேலை. வெளிநாட்டில் எங்கள் ரப்பரை வாங்குகிறவர்கள் நீண்ட கேள்விக் கொத்துகளை அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. உங்கள் ஆற்றை என்ன செய்கிறீர்கள், உங்கள் காட்டை என்ன செய்கிறீர்கள், உங்கள் பணிப்பாளர் சபையில் இதைப் பற்றித் தெரிந்தவர் யார் என்றெல்லாம் கேட்டார்கள். ஆலோசகர்கள் வந்து, சபையில் ஒரு பெண் வேண்டும், சுற்றாடல் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று சபைக்குத் தலைமை வகித்த எங்கள் தவிசாளர் கண்டுபிடித்தார். அப்படித்தான் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் நீரையும் பற்றிப் படிப்பித்து ஓய்வுபெற்ற அந்த அம்மையார் எங்களிடம் வந்தார். சுற்றாடலைக் கவனிக்க நிலைபேற்றுக் குழு என்று ஒன்றை அமைத்து அவரை அதற்குத் தலைவராக்கினோம். அந்தக் குழுவின் பணிவரையறையை எழுதியவன் நான். நல்ல நடையில் எழுதிய பதினொரு பந்திகள். தண்ணீர் என்ற சொல் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

அவர் கூட்டப் பத்திரங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பின்னிணைப்பில்தான் நீங்கள் உண்மையைப் போட்டு வைக்கிறீர்கள்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் நான் கடைப்பிடித்த முறையை ஒருவர் முதன்முறையாகக் கவனித்திருக்கிறார். மற்றவர்கள் முதல் பக்கத்தை, அதுவும் லிஃப்ட்டில் வரும்போது படித்தார்கள். பின்னிணைப்பு ஒன்றில், தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெக்டரியில் கழிவுநீர்த் தொட்டி "மறுசீரமைப்புக்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு வரி இருந்தது. எத்தனை வருடமாகக் காத்திருக்கிறது என்று அவர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கத் தேவையில்லை. அந்த வரியை வருடாவருடம் பழைய பத்திரத்திலிருந்து புதிய பத்திரத்துக்கு மாற்றி எழுதியது நான்தான்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்க அசிட் ஊற்றுவார்கள். உறைந்த கட்டியை மெஷினில் கொடுத்து, தண்ணீர் விட்டு அலசி அலசி ஷீட்டாக உருட்டுவார்கள். அலசிய தண்ணீர் வெள்ளையும் மஞ்சளுமாக, புளித்த நாற்றத்துடன் வெளியே வரும். அது தொட்டிகளில் தங்கித் தெளிந்த பிறகுதான் ஓயா என்கிற சிற்றாற்றுக்குள் விழ வேண்டும். அந்தத் தோட்டத்தில் தொட்டிகள் தூர்ந்துபோய் அவற்றின் மேல் வல்லாரை முளைத்திருந்தது. தண்ணீர் நேராக ஓயாவில் விழுந்தது. பெக்டரிக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் நான்கு லயங்கள். குடிக்க மட்டும் மலையிலிருந்து ஒரு குழாய் உண்டு. காலையில் ஒரு மணி நேரம் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அந்த ஓயாதான்.

பணிப்பாளர் சபை ஒரு தோட்டத்தை எப்படி மாற்றும் என்று இப்போதெல்லாம் கருத்தரங்கு வைக்கிறார்கள். என்னை அழைத்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்: வரப்போகிறது என்ற செய்தியால் மாற்றும். வருடத்துக்கு ஒருமுறை சபை, தோட்டத்து ஆட்களின் வாயில் போர்ட், தோட்டம் பார்க்கப் போகும். மூன்று நாளைக்கு முன்பே லொறியில் சுண்ணாம்பு மூட்டைகள் போய் இறங்கும். பாதையோரக் கற்களுக்கு வெள்ளை, மரங்களின் அடிக்கு வெள்ளை, லயத்தின் முன்சுவருக்கு மட்டும் வெள்ளை. அதற்கு அடுத்த நாள் பெக்டரியை நிறுத்திவிட்டு, வெட்டிய பாலைப் பவுசர் லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். புத்தகத்தில் "மெஷின் பராமரிப்பு" என்று எழுதுவார்கள். சபை வந்து நிற்கும்போது ஓயா கண்ணாடியாக ஓடும். தவிசாளர் பாலத்தில் நின்று, "எவ்வளவு அழகு" என்பார். நான் அதைக் கூட்டக் குறிப்பில், "சபை நீர்நிலைகளின் நிலை குறித்துத் திருப்தி தெரிவித்தது" என்று எழுதுவேன். இது எழுதப்படாத நடைமுறை. எழுதப்பட்ட நடைமுறைகளைவிட ஒழுங்காக நடந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நான்கு லயங்களில் மூன்றாவதில் என் அண்ணன் குடும்பம் இருந்தது. நான் பிறந்ததும் அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான். அண்ணன் பெக்டரியில் மெஷின் ஆள். அண்ணி பால் வெட்டுகிறவள். அவன் அலசிவிடுகிற தண்ணீரில்தான் அவள் அவனுடைய சட்டையைத் துவைத்தாள். நான் எட்டு வயதிலிருந்து கரவனெல்லையில் தங்கிப் படித்து, கொழும்புக்குப் போய், பரீட்சைகள் எழுதி மேலே வந்தேன். தலைமை அலுவலகத்தில் தமிழ் அதிகாரி என்றால் யாழ்ப்பாணத்தார்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். "யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?" என்று தவிசாளர் ஒருமுறை கேட்டார். "நெடுநாளாகக் கொழும்புதான், சார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பணிப்பாளர் ஒருவருக்குத் தோட்டத்தில் சொந்தம், பந்தம், ஈடுபாடு இருந்தால் சபைக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை வருடம் ஒருமுறை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான். செயலாளருக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

அம்மையார் வந்த வருடம் சபை அந்தத் தோட்டத்துக்குப் போனது. இரண்டு ஜீப், ஒரு வேன். பள்ளிப் பிள்ளைகள் வெற்றிலை கொடுத்து வரவேற்றார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இளம்வயதுக்காரர், புதிதாக வந்தவர். வழக்கம்போல, லயத்து முன்னால் ஒரு துணிகூடக் கொடியில் தொங்கக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். தொங்கவில்லை. வெள்ளைச் சுவரும் கூட்டிய முற்றமுமாக லயம் மருந்துக்கடை மாதிரி இருந்தது. எல்லோரும் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். தவிசாளர், "எவ்வளவு அழகு" என்றார். தேநீருக்குப் பங்களாவுக்குத் திரும்பலாம் என்று துரை வழிகாட்டினார். அம்மையார் மட்டும் பாலத்துத் திட்டில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, அட்டைக் காலுறையைப் போட்டு நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

"கீழே பாதை இல்லை, மேடம்" என்றார் துரை.

"அதற்குத்தான் இது" என்று சொல்லிவிட்டு அவர் ஓயாக்கரையோடு இறங்கிவிட்டார். துரையும், இரண்டு பணிப்பாளர்களும், கடைசியாக நானும் பின்னால் போனோம். வளைவைத் தாண்டியதும் நின்றோம். ஓயாவின் இரண்டு கரையிலும் பாறை பாறையாகத் துணிகள் விரிந்து கிடந்தன. போர்வைகள், ஜன்னல் சீலைகள், தலையணை உறைகள், கலியாணச் சேலைகள், பழைய சாக்குகள்கூட. ரப்பர் மரங்களுக்கிடையில் பால் வாளி தொங்கவிடும் கயிறுகளைக் கட்டி அதிலும் காயப்போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய தட்டைப் பாறை ஒன்றில், ஒன்றோடொன்று முட்டாமல், ஏழெட்டு வெள்ளைப் பள்ளிச் சீருடைகள். நான்கு லயத்துப் பெண்களும் தண்ணீருக்குள் நின்று துவைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் தொங்கப் போடாதே என்றுதான் கட்டளை. பின்னால் என்ன செய்வார்கள் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

"இவர்களுக்கு அடுத்த வாரம் கோயில் திருவிழா, மேடம். அதற்குத்தான்" என்றார் துரை ஆங்கிலத்தில். மலைநாட்டுத் தோட்டமாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அங்கே துரை சொல்வதுதான் மொழிபெயர்ப்பு. எங்கள் பக்கம் அப்படி இல்லை. சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் பேசிப் பேசி எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அம்மையார் கரையோரம் குந்தி உட்கார்ந்து, மிக அருகில் நின்றவளிடம் சிங்களத்தில், "வேலை நாளில் எல்லோரும் சேர்ந்து துவைக்கிறீர்களே, என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

மிக அருகில் நின்றவள் என் அண்ணி.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். தெரியாத மனிதரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு அம்மையார் பக்கம் திரும்பினாள். துரையைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை என்பதை நான் சத்தியம் செய்வேன். கேட்ட கேள்விக்கு, விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடு, நோனா என்று விளித்து, சிங்களத்தில் சொன்னாள். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "போர்ட் வர்ற நாளுங்க நோனா. நீங்க வந்தாதானே தண்ணி நல்லா வருது. சுண்ணாம்பு லொறி வந்துச்சுன்னா நாங்க போர்வையெல்லாம் எடுத்து வச்சிருவோம். வருசத்துக்கு ஒரு தடவதான் இப்படி வெளுக்கலாம்."

பின்னால் நின்ற வயதான பெண் ஒருத்தி தண்ணீருக்குள்ளிருந்தே கூவினாள்: "மாசாமாசம் வாங்க நோனா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க வீட்டு ஆளோட போர்வை ஆடி மாசத்திலருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு!"

"அவரு போர்வைய இந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது, பெரியம்மா. ஆத்த நிறுத்திறாதீங்க" என்றாள் இன்னொருத்தி தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். துரை சிரிக்க முயன்று பாதியில் விட்டார்.

அம்மையார் சீருடைகளைக் காட்டிக் கேட்டார். "அது என் மகளோடதும் மத்தப் புள்ளைங்களோடதும், நோனா" என்றாள் அண்ணி. "மத்த நாள்ல இந்தத் தண்ணியில தோச்சா மஞ்சளாயிருது, நாத்தமும் போகாது. டவுன் ஸ்கூல்ல பக்கத்துல ஒக்கார மாட்டேங்கிறாங்களாம். போன மாசத்திலருந்து போக மாட்டேன்னு அழுவுறா. இன்னிக்கு நாலு உடுப்பையும் வெளுத்து வச்சுட்டா, மழத்தண்ணி கெடைக்கிற வரைக்கும் சமாளிப்பா." அவளுடைய மகள், என் அண்ணன் மகள், அப்போது பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் நல்ல பிள்ளை என்று கேள்விப்பட்டிருந்தேன். நாற்றத்தைப் பற்றிக் கேள்விப்படவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அம்மையார் ஒரு சீருடையைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு பாறையில் இருந்தது போலவே விரித்துவைத்தார். பங்களாவில் தேநீரும் கேக்கும் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. "தொட்டி எத்தனை வருடமாகக் காத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றீர்களே" என்று மட்டும் என்னிடம் கேட்டார். சொன்னேன். அண்ணன் மகள் பிறந்த வருடத்திலிருந்து.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. தொட்டிகளை உடனே கட்ட வேண்டும், கட்டி முடியும்வரை பாலை வெளியே அனுப்ப வேண்டும் என்று அவர் இரண்டு பக்கத்தில் பத்திரம் எழுதி அனுப்பினார். முதல் பக்கத்திலேயே எல்லாம் இருந்தது, பின்னிணைப்பு இல்லை. சபையில் ஏழு பேர். அவரோடு கரைக்கு இறங்கிய இரண்டு பேரும் ஆதரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான்காவதாக ஒருவர், ஏற்றுமதியைக் கவனித்தவர், வாங்குகிறவர்களின் கேள்விக் கொத்துக்குப் பயந்து ஆதரிப்பார் என்பது எனக்குத் தெரியும். தவிசாளருக்கும் தெரியும். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அந்தப் பத்திரத்தைத் தகவலுக்கு என்ற பகுதியில் போடுங்கள்" என்றார். நிகழ்ச்சி நிரலில் "தீர்மானத்துக்கு" என்று ஒரு பகுதி, "தகவலுக்கு" என்று ஒரு பகுதி. தகவலுக்கு வருவதை வாசிப்பார்கள், நன்றி சொல்வார்கள், அடுத்ததற்குப் போவார்கள். "சரி, சார்" என்றேன். ஓய்வு வயது தாண்டிய எனக்கு இரண்டு வருடச் சேவை நீடிப்புத் தரும் கடிதம் அப்போது கையெழுத்துக்காக அவருடைய மேசையில் கிடந்தது. அதை அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிடுகிற அளவுக்குப் பண்பற்றவரும் அல்ல.

கூட்டத்தன்று அம்மையார் நிகழ்ச்சி நிரலை வழக்கம்போல் கடைசியிலிருந்து பார்த்துவந்தார். தம்முடைய பத்திரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டதும் தலை நிமிர்ந்தார். தம் முறை வந்தபோது நடந்ததைச் சொன்னார். போர்வைகள், சீருடைகள், பாலத்திலிருந்து தெரிந்த தண்ணீர். சத்தம் உயரவில்லை. ஏற்றுமதிக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அம்மையார் என்னிடம் கேட்டார்: "செயலாளர் அவர்களே, இதை இப்போதே தீர்மானமாக முன்மொழிய எனக்கு உரிமை இருக்கிறதா?"

எங்கள் கம்பனியின் விதிக்கோவையை நான் மனப்பாடமாக ஒப்புவிப்பேன். முறைப்படி கூட்டிய சபைக் கூட்டத்தில் எந்தப் பணிப்பாளரும் எந்தத் தீர்மானத்தையும் முன்மொழியலாம், முன்னறிவித்தல் தேவையில்லை. ஒரு குழந்தைக்கும் விளங்குகிற வாக்கியம். நான் அதைச் சொல்லியிருந்தால் அவர் முன்மொழிந்திருப்பார், ஒருவர் வழிமொழிந்திருப்பார், கை தூக்கியிருப்பார்கள், நான்குக்கு மூன்று. தவிசாளர் என்னைப் பார்க்கவில்லை. தம் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னறிவித்தல் தேவை, மேடம். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரலாம்" என்றேன்.

என் குரல் வழக்கம்போல்தான் இருந்தது. நெஞ்சு படபடக்கவில்லை. வியர்க்கவில்லை. பிறகும் நெடுநாள் நான் அதை எதிர்பார்த்தேன். ஏதாவது வரும் என்று. வரவில்லை.

ஆனால் அன்றைய கூட்டம் அதோடு முடியவில்லை. தவிசாளர் தொண்டையைச் செருமி, இந்த விடயம் தம்மை மிகவும் பாதித்துவிட்டதாகச் சொன்னார். சபை தோட்டங்களிலிருந்து விலகி நிற்கிறது என்பதுதான் இதில் படிக்க வேண்டிய பாடம் என்றார். ஆகவே இனி வருடத்துக்கு ஒருமுறை அல்ல, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபை நேரில் போய்ப் பார்வையிடும் என்று முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். ஐந்து கைகள் உயர்ந்தன. ஏற்றுமதிக்காரரின் கையும். அதற்கு எந்த முன்னறிவித்தலும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அம்மையார் கவனித்தார். தவிசாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு பின்னிணைப்பை வாசித்து முடித்தவர் போல் இருந்தார்.

"அப்படியானால் அவர்கள் வருடத்தில் நான்கு தடவை துவைக்கலாம்" என்றார்.

அதை நான் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும்போது, விதிக்கோவையின் பிரதி ஒன்று தமக்குக் கிடைக்குமா என்று அம்மையார் கேட்டார். பணிப்பாளர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மறுநாள் காலையிலேயே அனுப்பினேன், முழுமையாக, கையெழுத்திட்டு, முத்திரையிட்டு. பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மறுநியமனத்துக்கு அவர் பெயர் வரவில்லை. அதையும் தகவலுக்கு என்ற பகுதியில்தான் போட்டேன். என் நீடிப்புக் கடிதம் அதே வாரம் வந்தது. அந்த வருடத்து நிலைபேறு அறிக்கையில், சபையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை களத்தில் இறங்குவதைத் தனி அத்தியாயமாக எழுதினோம். பாலத்திலிருந்து எடுத்த ஓயாவின் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. வாங்குகிறவர்கள் பாராட்டி எழுதினார்கள். பொய் எதுவும் அதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையாகவே போனோம்.

அண்ணியை மேல் மலைக்கு மாற்றினார்கள். சரிவான மலை, பழைய மரங்கள், நடக்கத் தூரம். தண்டனை அல்ல, நிர்வாகத் தேவை. லயத்தில் அவளுக்குப் "போர்ட் அக்கா" என்று பெயர் விழுந்தது. வருடத்துக்கு ஒரு நாளாக இருந்தது நான்கு நாளானதற்கு அவள்தான் காரணம் என்று பெண்கள் அவளைக் கொண்டாடினார்கள். தீபாவளிக்குப் போனபோது அவளே என்னிடம் சொன்னாள்: "அந்த நோனா நல்ல மனுசி தம்பி. நாங்க சொன்ன மாதிரியே அடிக்கடி வர வச்சிருச்சு பாருங்க." நான் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஓயாக்கரையில் என்னை ஏன் தெரியாதது போல் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நீங்கதான் எங்கள தெரியாத மாதிரி நின்னீங்க. சரி, ஏதோ காரணம் இருக்கும்னு நானும் அப்படியே விட்டுட்டேன்" என்றாள். அண்ணன் மகள் அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டாள். நான்கு நாள் போதவில்லை. அவிசாவளையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நான் ஓய்வுபெற்று அவிசாவளையிலேயே வீடு எடுத்துக்கொண்டேன். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறேன். நோய்த்தொற்றுக் காலத்தில் சபை திரையில் கூடத் தொடங்கியது. தொற்றுப் போன பிறகும் திரை போகவில்லை. தோட்டம் பார்ப்பதும் திரையில்தான். பறக்கும் கமெரா ஒன்று மேலேயிருந்து பச்சையைக் காட்டுகிறதாம். சுண்ணாம்பு லொறி போவதில்லை. பெக்டரியை நிறுத்துவதில்லை. அம்மையாரின் மரண அறிவித்தல் போன வருடம் பத்திரிகையில் வந்தது. அவர் வகித்த பதவிகள் வரிசையாக இருந்தன. எங்கள் சபை அதில் இல்லை. யார் விட்டது என்று தெரியவில்லை, உயிரோடிருக்கும்போதே அவராகத்தான் விடச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை படித்தேன். பிறகு மரக்கறி வாங்கப் போனேன்.

இந்த வருடம் அண்ணன் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மூன்று நாளைக்கு முன்னாலேயே வந்து லயத்தில் தங்குவதாக ஏற்பாடு. அண்ணி போனில் அழைத்தாள்.

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும். போர்ட் வந்து ரொம்ப நாளாச்சே, இனி எப்ப வரும்?"

"எதுக்கு, அண்ணி?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க இருபது பேரு வர்றாங்க. பாய், போர்வை, தலகாணி ஒறை எல்லாம் இந்த நாத்தம் நாறுது. எங்களுக்குப் பழகிருச்சு. அவங்க தேயில ஆளுங்க, இத மோந்துட்டு என்ன நெனப்பாங்க? இவளுக்கு இப்பவே பயம். ஸ்கூல்ல பட்டது போதும்மா, அங்கயும் மூக்கப் பொத்துவாங்களான்னு கேக்குறா. நீங்க ஒரு வார்த்த ஆபீசுல கேட்டுச் சொன்னீங்கன்னா, அதப் பாத்து நாள வச்சுக்கலாம்."

எனக்குப் பின் வந்த செயலாளரை அழைத்துக் கேட்டேன். மரியாதையான பெண். "களப் பார்வைகள் இப்போது முழுக்கத் திரையில்தான், சார். நிலைபேற்றுக்கு அதுதான் நல்லது. வாகனப் புகை குறைகிறது" என்றாள். அது சரியான வாதம். நான் இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

அண்ணியை மீண்டும் அழைத்து, போர்ட் இனி வராது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ மற்றதையும் சொன்னேன். அந்த நோனா தொட்டி கட்டச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார், நான்கு பேர் கை தூக்கத் தயாராக இருந்தார்கள், விதி இடம் கொடுத்தும் முடியாது என்று நான் சொன்னேன், நான் சரியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தொட்டி வந்திருக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டிருக்க மாட்டாள். இவ்வளவையும் கூட்டக் குறிப்பு வாசிப்பது போல வாசித்தேன்.

மறுமுனையில் குழாயடிச் சத்தம் கேட்டது. யாரோ வாளியை வைத்தார்கள்.

"அப்படியா" என்றாள் அண்ணி. "அவகிட்ட சொல்லிறாதீங்க தம்பி. கலியாணம் முடியட்டும்" என்றாள். பிறகு, "உங்க வீட்டுத் தண்ணி நல்லாத்தானே வருது?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவளும் மகளும் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு உரச் சாக்கு நிறையப் போர்வைகள். கண்டக்டர் சாக்குகளைப் பின்சீட்டில்கூட வைக்கவிடாமல் சண்டை பிடித்தானாம். மகள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். சாக்கை அவிழ்த்ததும் புளித்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. அது எனக்கு எட்டு வயதுவரை வீட்டு வாசனையாக இருந்தது. இப்போது மூக்கைப் பொத்தத் தோன்றியது. பொத்தவில்லை.

பின்முற்றத்துக் குழாயடியில் மூன்று பேருமாகத் துவைத்தோம். எனக்குப் பிழியத் தெரியவில்லை என்று அண்ணன் மகள் போர்வையைப் பிடுங்கிக்கொண்டாள். "சித்தப்பா, நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்கோங்க" என்றாள். முதல் அலசலில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் வெளுத்தது. மூன்றாவதில் தெளிந்துவிட்டது என்று நினைத்து நான் குழாயை மூடினேன். அண்ணி ஈரப் போர்வையின் ஒரு முனையை எடுத்து, நிதானமாக முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள். "தொறந்து விடுங்க."

குழாயைத் திறந்துவிட்டேன்.